காரையில் ஒரு பிடி களிமண்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே பிரிந்து, மக்காச்சோளமும் பருத்தியும் தாண்டிப் போனால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. ஊரை ஒட்டியே பச்சை சட்டென்று நின்றுபோகிறது. அப்புறம் மழை அறுத்து அறுத்து மடிப்பு மடிப்பாக விட்டுவைத்த களிமண் மேடுகள்தான். வெயிலில் மின்னியதைக் கண்ணாடிச் சில்லு என்று நினைத்துக் குனிந்தேன். ஜிப்சம்.

அம்மோனைட், அதாவது கல்லாகிப்போன சுருள் ஓட்டுக் கடல் உயிர், பார்க்கும் ஆசையில்தான் போனேன். கூட வந்த சார், நிலவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். அரை மணி நேரம் தேடியும் கண்ணில் பட்டதெல்லாம் பென்சில் துண்டு மாதிரி பெலம்னைட்டுகள். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம், அதன் உள்கூடு. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்.

“இங்க கடல் இருந்துச்சுன்னு இது சொல்லிடும். எவ்வளவு ஆழம், கரை பக்கமா தூரமான்னா மண்ணைத்தான் கேக்கணும்” என்று ஒரு பிடி களிமண்ணைப் பையில் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கு அங்கிருந்து கடல் பார்க்க ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போக வேண்டும்.

வீட்டில் பாதி மண்ணை இரண்டு நாள் ஊறவைத்து, டீ வடிகட்டியில் வடித்தேன். நாலு கல்லும் ஒரு புல்வேரும் மிஞ்சின. போனில் சொன்னால் சாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இதற்கான சல்லடையின் கண் 63 மைக்ரானாம். ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சுமார் 10 கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பொடிப்பொடிக் கடலுயிர் ஓடுகள் என் செம்பருத்தித் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. வடிகட்டிக்காக வாங்கிய திட்டு தனிக்கதை.

மீதி மண்ணை அவர் வீட்டில், கலங்கல் போகும்வரை சல்லடையில் கழுவிக் காயவைத்தோம். மைக்ராஸ்கோப்பில் முதலில் வெறும் மணல்தான் தெரிந்தது. ஈரத் தூரிகை நுனியால் சார் ஒன்றை ஒதுக்கினார். நாலைந்து முத்துகளைச் சுருளாக ஒட்டவைத்தது போல, வெள்ளையாக, ஒவ்வொரு உருண்டையும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஃபொராமினிஃபெரா. உயிர் என்னவோ ஒரே செல்தான். அது சுண்ணாம்பில் அறை அறையாகக் கட்டிக்கொண்ட வீடு இது.

இவற்றில் நீரில் மிதப்பவை உண்டு, கடல்தரையில் வாழ்பவையும் உண்டு. கரையோர ஆழமில்லாக் கடலில் தரைவாசிகள் அதிகம். கரையை விட்டு விலக விலக மிதப்பவற்றின் பங்கு ஏறும். ஆகவே இரண்டையும் எண்ணி விகிதம் பார்த்தால் பழைய கடலின் ஆழம் பிடிபடும்.

இந்தக் களிமண்ணுக்குக் கீழே இருப்பது கல்லக்குடியில் சிமென்டுக்கு வெட்டும் பவளப்பாறைச் சுண்ணாம்புக்கல். ஆழமில்லாக் கடல். களிமண்ணுக்கு மேல், பிந்தைய அடுக்கில், கருடமங்கலத்தில் கிளிஞ்சல் அப்பிய பாறையும் கல்லான மரமும். கரை திரும்ப நெருங்கியிருக்கிறது. நடுவில் கடல் ஏறி ஆழ்ந்த காலத்து வண்டல்தான் நான் செடிக்கு ஊற்றியது.

ஒரு மாதிரிக்கு 300 எண்ணுவது வழக்கமாம். நாற்பத்தேழிலேயே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சார் நிமிரவே இல்லை.

“நாற்பத்தெட்டு” என்றார்.