துருத்திக் குறிப்புகள்: ஜூன்

ஜூன் 2, திங்கள்

வண்ணாரப்பேட்டையில் புழுக்கம் தாங்கவில்லை. 1937இல் இதே தேதியில்தான் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் கச்சேரி நடுவே லூயி வியர்ன், குழாய்களில் காற்றூதி ஒலிக்கும் பெரிய ஆர்கன் முன்னாலேயே உயிரை விட்டார். பார்வை ஏறக்குறைய இல்லாதவர், 1900இலிருந்து அங்கே வாசித்தவர். அந்த ஆர்கனைப் பழுதுபார்க்கப் பணம் சேர்ப்பதற்காக 1927இல் அமெரிக்கா போய் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். இங்கே எங்கள் சபையின், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தின் துருத்திக்கு (காற்றுப்பைக்கு) தோல் மாற்றலாமா என்று கேட்டால், அறுப்பின் பண்டிகை ஏலம் முடியட்டும், பார்க்கலாம் என்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

கொயர் பயிற்சி. “அண்ணே, இதைத் தூக்கிப் போட்டுட்டு கீபோர்டு வாங்கிடலாமே” என்றான் ஒரு தம்பி. சரி, உட்காரு என்று நோத்ர தாம் ஆர்கனின் கதையை ஆரம்பித்தேன். 1733இல் தியெரி கட்டியதை 1780களில் கிளிக்கோ பெரிதாக்கினார், 1868இல் கவாயே-கோல் ஏறக்குறைய புதிதாகவே கட்டினார், ஆனால் முன்னவர்களின் நல்ல குழாய்களைத் தன்னுடையவற்றோடு சேர்த்துக்கொண்டார், இப்போது சுமார் 8,000 குழாய். 1960களில் கட்டைகளுக்கு மின் இணைப்பு வந்தது (எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது). “அப்ப அதுலயும் கரண்ட்தானே?” என்று மடக்கினான். குழாயில் ஊதுவது இன்னும் காற்றுதான்டா!

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

பலத்த காற்று முழக்கம் என்று வேதபாடம் வாசிக்கிறார்கள், எங்கள் துருத்தியிலோ ஓட்டை.

ஆராதனை முடிந்ததும் பின்பலகையைக் கழற்றினேன். உப்புக்காற்றில் ஸ்பிரிங் எல்லாம் துரு. காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும், அதுவும் மயிரிழைதான், கூடப் போனால் நாக்கே போச்சு. இரண்டு நாக்கைச் சேர்த்து ஊதும்போது வாவ்வாவ் என்று அலையும், அலை மெதுவாகி அடங்கினால் சேர்ந்துவிட்டது. ஆர்கன்காரர்களுக்கும் இதே காதுதான். 2019 தீயில் நோத்ர தாம் ஆர்கன் எரியவில்லை, ஈயத்தூசி படிந்தது. 2020இல் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டி, 2024இல் ராத்திரிகளில் சுருதி சேர்த்தார்கள், பகலில் கட்டட வேலைச் சத்தம். நமக்கு ராத்திரியும் உதவாது, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஹார்ன் அடிக்கின்றன.

ஜூன் 11, புதன்

ஏலத்துக்குக் காத்திருக்காமல் ஒரு பெரியவர் பணம் கொடுத்துவிட்டார். பெரியமேட்டில் மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கினேன். “பர்ஸ் தைக்கவா?” என்றார் கடைக்காரர். கீபோர்டு தம்பியே வந்து பழைய தோலைச் சுரண்டிக் கொடுத்தான். அப்புறம் பசை காய வேண்டும், சனிக்கிழமை வரை யாரும் பெடலை மிதிக்கக் கூடாது.