பட்டர்வொர்த் தையல்காரியின் நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. 14 ரவிக்கைத் துணிகள் வந்து குவிந்துவிட்டன. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற நான் என் அளவைக் கோட்டை விட்டிருக்கிறேன். ஜூன் மாதம் பாவாடை நாடாவை மாற்றி நீளமாகப் போட்டேன். ஜூலையில் இரண்டு ரவிக்கைகளின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டேன். இன்று டேப்பை இடுப்பில் சுற்றினால், போன தீபாவளிக்கு எழுதி வைத்ததைவிட மூன்றரை அங்குலம் கூடுதல். கையும் கழுத்தும் பழைய அளவுதான். வயிறு மட்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எனக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகிறது. ஏப்ரலில் மறுபடியும் உதிரம் பட்டது. ஒரு கிளினிக்கில் காட்டினேன். உடம்பு மாறுகிற வயதில் அப்படித்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோயிருந்தேன். முகம் பளபளவென்று இருக்கிறதே, என்ன பூசுகிறாய் என்று எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி வேறு கேட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மகளின் பிடிவாதத்தால் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். இடது சினைப்பையில் 12 செ.மீ. கட்டி. கருப்பையின் உள்தோலும் தடித்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் சி.ஏ. 125 சரியான அளவில்தான் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து தம்பி போன் செய்து, “அப்படியென்றால் புற்றுநோய் இல்லை அக்கா, சாமிக்குத் தேங்காய் உடை” என்றான். டாக்டருக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. அந்தப் பரிசோதனை சினைப்பையில் பொதுவாக வருகிற வகைக்குத்தான் உதவும் என்றார். என் வயதும், நின்ற உதிரம் திரும்பி வந்ததும், தடித்த உள்தோலும் அவரை வேறு பக்கம் யோசிக்க வைத்திருக்கின்றன. சினைமுட்டையைச் சுற்றி நிற்கிற உயிரணுக்களுக்குக் கிரானுலோசா என்று பெயராம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பது அவற்றின் வேலை. அவற்றில் கட்டி வந்தால் நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருக்குமாம்.

என் பளபளப்புக்கு அதுதான் காரணம்.

அதே கிரானுலோசா அணுக்கள் சுரக்கிற இன்ஹிபின் பி என்ற இன்னொரு ஹார்மோனைப் பார்க்கவும் ரத்தம் எடுத்தார்கள். இங்கே செய்வதில்லை, வெளியே அனுப்ப வேண்டுமாம்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்ஹிபின் மிக அதிகம். கருப்பை உள்தோலைக் கிள்ளி எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை. இந்தக் கட்டி உள்ளவர்களில் சிலருக்குக் கருப்பையிலும் சேர்ந்தே புற்றுநோய் வந்துவிடுவதால் அதையும் பார்த்தாக வேண்டுமாம்.

வியாழக்கிழமை அறுவை. சின்னச் சின்னத் துளை போட்டே எடுத்துவிடலாமே, என் நாத்தனாருக்கு அப்படித்தான் செய்தார்கள், தழும்பே தெரியவில்லை என்று கேட்டேன். டாக்டர் என் கையில் இருந்த எவர்சில்வர் டப்பாவைக் காட்டினார். “இதை ஒரு விரல் அகலத் துளை வழியாக எடுக்க முடியுமா அம்மா? உள்ளேயே நசுக்கித்தான் எடுக்க வேண்டும். உங்கள் கட்டி வயிற்றுக்குள் உடைந்தால் நோயின் கட்டம் 1ஏ என்பது 1சி ஆகிவிடும். திரும்பி வருகிற வாய்ப்பும் கூடும். நீளமாகக் கீறி முழுசாக எடுக்கிறேன்.”

எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. மணி கோத்த துணியை வெட்டுகிறபோது ஒரு நூல் அறுந்தால் போதும், தரை முழுக்க மணி. மூன்று மாதம் கழித்துக்கூடப் பெருக்கும்போது கட்டிலடியிலிருந்து ஒன்று உருண்டு வரும்.

கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். சின்ன வயதுக்காரியாக இருந்தால் மற்றதை விட்டு வைப்பார்களாம். எனக்கு இனி எதற்கு?

செப்டம்பர் 17, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். தும்மவும் சிரிக்கவும் பயம். கட்டி உடையாமல் வந்ததாம். தொப்புளுக்கு மேலிருந்து கீழே வரை தையல். கண்ணாடியில் பார்த்தேன், இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்த கட்டிலில் சுங்கை பட்டாணிப் பெண் ஒருத்தி இருந்தாள். 24 வயது, கல்யாணமாகி ஒரு வருடம். முதல் கர்ப்பமே முத்துப்பிள்ளை, பிள்ளைக்குப் பதிலாக நஞ்சுத்திசு மட்டும் முத்து முத்தாக வளர்கிறது. சுத்தம் செய்த பிறகும் கர்ப்ப ஹார்மோன் இறங்காமல் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. உள்ளே தங்கிய நஞ்சுத்திசு புற்றுநோயாகிவிட்டது. மெத்தோட்ரெக்சேட் ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள், இடைப்பட்ட நாளில் ஃபோலினிக் அமில மாத்திரை. எட்டு நாளில் ஒரு சுற்று முடியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் முதலிலிருந்து.

வீட்டில் சோதித்துப் பார்க்கிற கர்ப்பக் குச்சி இன்னும் இரண்டு கோடுதான் காட்டும் என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் என்ன சொல்ல? என் கோப்பியில் பாதியை ஊற்றிக் கொடுத்தேன். நர்ஸ் மிஸ்ஸி பார்த்துவிட்டு, “மக்சிக், இப்போதுதான் வயிற்றைத் தைத்திருக்கிறோம், அதற்குள் கோப்பியா” என்று என்னைத் திட்டினாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

முடிவு வந்தது. முதிர்ந்தோர் வகைக் கிரானுலோசா அணுக் கட்டி, 1ஏ. சினைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரைதான் இந்த ரகம். டாக்டர் கணினியில் படத்தைக் காட்டினார். ஊதா நிறத்தில் நெருக்கமாகப் புள்ளிகள். பெரிதாக்கியபோது ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு மடிப்பு. “கோப்பிக் கொட்டை மாதிரி இருக்கிறதா? இதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்” என்றார். இருந்தது. கோப்பிக் கொட்டையைத் தட்டில் பரப்பியது போலவேதான் இருந்தது. ஃபெரியில் திரும்பும்போது கோப்பி வாங்கினேன், குடிக்க முடியவில்லை.

மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவதாம். இந்த வகைக் கட்டி உள்ள ஏறக்குறைய எல்லாரிடமும் அதே இடத்தில் அதே எழுத்துதான் மாறியிருக்கிறது என்று 2009இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெற்றோரிடமிருந்து வருவதில்லை, அதனால் மகளுக்குப் பயமில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கீமோ வேண்டாம். முழுசாக எடுத்த 1ஏவுக்கு அதனால் பயன் இல்லை. முதல் கட்டத்தில் பிடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பத்து வருடம் தாண்டியும் இருக்கிறார்கள். “அப்படியென்றால் குணமாகிவிட்டது என்று சொல்லலாமா டாக்டர்?” அவர் பேனாவை மூடி வைத்தார். மற்றப் புற்றுநோய்களில் ஐந்து வருடம் தாண்டினால் மூச்சு விடலாம், இதில் அந்தக் கணக்கு இல்லை, 20 வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களும் உண்டு என்றார். அப்படி வந்தாலும் மெதுவாகத்தான் வளரும். பெரும்பாலும் மறுபடியும் அறுத்து எடுப்பார்கள், சிலருக்குக் கீமோ, சிலருக்கு லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரை.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. 14இல் 9 ரவிக்கைகளைத்தான் முடித்தேன், மீதியைத் தோழியிடம் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி: “எல்லாம் சரியாகிவிட்டதா?” ஆம் என்றால் பொய், இல்லை என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. ஒருவர் முள்சீத்தாப் பழம் கொண்டு வந்தார். பழம் நன்றாக இருந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்ஹிபின் பி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. இப்போதைக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எதுவரை என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். அட்டை தீர்ந்தால் புது அட்டை தருவோம் என்றாள்.

காத்திருக்கும் வரிசையில் சுங்கை பட்டாணிப் பெண். தலைமுடி அப்படியே இருக்கிறது, வாயில் மட்டும் புண். நோட்டை விரித்துக் காட்டினாள். வாராவாரம் எண்கள்: ஐந்து இலக்கம், நான்கு, மூன்று, கடைசியில் 3 என்ற ஒற்றை எண். 5க்குக் கீழே வந்தால் சரி என்கிறார்கள். ஆனாலும் இன்னும் மூன்று சுற்று ஊசி உண்டாம். “எண்தான் இறங்கிவிட்டதே, இன்னும் ஏன் ஆன்ட்டி குத்துகிறார்கள்?” என்று கேட்டாள்.

மருந்தகத்தில் வேலை செய்கிற என் மகள் இரவில் அதற்குப் பின்னால் இருக்கிற கதையைச் சொன்னாள். 1950களில் அமெரிக்காவில் லீ மின் சியூ என்ற சீன டாக்டர் இதே நோய்க்கு இதே மருந்தைக் கொடுத்தார். கட்டி மறைந்த பிறகும், ஹார்மோன் இன்னும் இருக்கிறது என்று சொல்லி ஊசியை நிறுத்த மறுத்தார். அதற்காகவே வேலையை இழந்தார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரியென்று ஆனது. உறுப்பில் கட்டியாக வந்து பரவிய ஒரு புற்றுநோய் மருந்தாலேயே குணமானது அதுதான் முதல் தடவை. 1972இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். அந்தப் பெண்ணைப் போல அபாயம் குறைந்த நிலையில் வருகிறவர்கள் இன்று ஏறக்குறைய எல்லாரும் பிழைத்துவிடுகிறார்கள். பிள்ளையும் பெறுகிறார்கள்.

படுத்த பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுடையது பாய்ந்து வருகிற நாய், ஆனால் அடித்தால் ஓடிவிடும். என்னுடையது வாசலில் படுத்திருக்கிறது, தூங்குகிறதா போய்விட்டதா என்று தெரியாது. பொறாமைதான், மறைப்பானேன்.

2025 பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறவில்லை, ஆறு மாதமாவது போகட்டும் என்று மகள் தடை போட்டுவிட்டாள். ரதம் போன தெருவில் உடைத்த தேங்காய்த் தண்ணீரில் செருப்பை நனைத்துக்கொண்டு நின்றதோடு சரி.

இன்று சுங்கை பட்டாணிப் பெண் வீடு தேடி வந்தாள். போன மாதமே கடைசி ஊசி முடிந்துவிட்டது. ஒரு வருடம் கர்ப்பமாகக் கூடாது, அதற்குள் ஆனால் திரும்பி வந்த நோயின் ஹார்மோனா, பிள்ளையின் ஹார்மோனா என்று குழப்பமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்களாம். தங்கையின் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க வேண்டும் என்று மயில்கழுத்து நிறப் பட்டைப் பிரித்து மேசையில் விரித்தாள்.

அளவெடுத்தேன். மார்பு 34, இடை 29. “உள்ளே துணி கொஞ்சம் கூடவே விட்டுத் தையுங்கள் ஆன்ட்டி. பிறகு பிரித்துக்கொள்ளலாம்” என்றாள்.

இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் என்று அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வெட்ட வேண்டும்.