மருந்துக்கடையிலிருந்து: திருப்பூர், 2020, கொரோனா காலம்

23 மார்ச்

200 மில்லி சானிடைசரை 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. விலை இறங்கியாச்சு, சரக்கைத்தான் காணோம். இன்று வந்த புதுக் கம்பெனி பாட்டிலில் எலுமிச்சம்பழப் படம் இருக்கிறது, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று எங்கேயும் இல்லை. 60-க்குக் கீழே இருந்தால் பிரயோஜனமில்லை என்றேன். "வாசம் நல்லாருக்குதுங்களே" என்கிறார் ஒருத்தர். பக்கத்து மளிகைக்கடையில் சோப்பு வாங்கி 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள் என்று அனுப்பினேன். வந்த வியாபாரத்தை விரட்டுகிறாளே என்று நினைத்திருப்பார்.

2 ஏப்ரல்

தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்திருக்கிறார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் மேலேயிருந்து ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் கரைசல் புகை மாதிரி இறங்குகிறது. வாட்ஸ்அப் முழுக்க அந்த வீடியோதான், ஊருக்கே பெருமை.

எனக்கு இடிக்கிறது. தரையில் ஊற்றினாலே ஒரு நிமிஷமாவது ஈரம் நின்றால்தான் இந்த மருந்து வேலை செய்யும். நாலைந்து விநாடி சட்டைமேல் பட்டு என்ன ஆகப்போகிறது? தொற்று இருப்பது மூக்கிலும் தொண்டையிலும். கண் எரிச்சல்தான் மிச்சம். இதே வாரம் உத்தரப்பிரதேசத்தில் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்துக் குழாயால் மருந்தடித்தார்கள். அதைப் பார்த்துக் கொதித்தவர்களே இங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

7 ஏப்ரல்

வாசலில் வேப்பிலை, மஞ்சள் தண்ணீர். அது யாரையும் ஒன்றும் செய்யாது, போகட்டும். பிளீச்சிங் பவுடர் அப்படியில்லை.

"ஏனுங்க்கா, ஒரு வாளிக்கு எத்தன போடோணும்?" கேட்டவர் ஒரே ஒருத்தர், கடைசி வீட்டுப் பாட்டி. மற்றவர்களெல்லாம் கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள், நெடி தூக்கினால்தான் கிருமி சாகும் என்ற கணக்கில்.

பாட்டிக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். தரைக்கும் கைப்பிடிக்கும் 0.1 சதவீதம் குளோரின் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையில் கிடைக்கும் பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின், அதுவும் புதிதாக இருந்தால். அப்படியென்றால் 10 லிட்டர் வாளிக்கு 35 கிராம் வரும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். அழுக்கு கிடந்தால் குளோரின் அதோடேயே தீர்ந்துபோகும். கரைப்பதற்குப் பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் ஆகாது. இன்று கரைத்ததை நாளைக்கு வைக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பாட்டிக்கு 35 கிராம் பொட்டலமாகவே நிறுத்துக் கொடுத்தேன்.

13 ஏப்ரல்

சுரங்கம் வேண்டாமென்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையே சொல்லிவிட்டது. உடம்புக்கும் கெடுதல், பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற பொய் நம்பிக்கையும் வரும் என்கிறார்கள். இந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்யக் காணோம்.

20 ஏப்ரல்

ஆள்மேல் மருந்தடிக்காதீர்கள் என்று நேற்று முன்தினம் மத்திய சுகாதார அமைச்சகமும் அறிவித்திருக்கிறது. அதை நோட்டீஸ் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டிலிருந்து இருமல் சத்தம். கக்கூஸில் ஆசிட் ஊற்றி, அது காய்வதற்குள் மேலே பிளீச்சிங்கையும் தூவியிருக்கிறாள் அந்தப் பெண். கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்திருக்கிறாள். வெளியே வந்தபோது கண் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். காற்றாட வைத்து, கண்ணில் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லி, இருமல் நிற்காததால் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். சாயந்திரம் திரும்பி வந்துவிட்டாள்.

"ரெண்டும் சேந்தா இன்னும் நல்லாச் சுத்தமாகும்னு நெனச்சேங்க்கா" என்றாள். ரெண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஆசிட் டப்பாவில் எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்.

25 ஏப்ரல்

அமெரிக்க அதிபர் டிரம்ப், கிருமிநாசினியை உடம்புக்குள் ஊசி மாதிரிச் செலுத்த முடியுமா என்று செய்தியாளர் சந்திப்பில் கேட்டிருக்கிறார். கடையில் ஒரே சிரிப்பு. சிரித்தவர்களில் ரெண்டு பேர் சுரங்கத்தில் செல்ஃபி எடுத்தவர்கள்.

8 ஜூன்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வீட்டில் கிருமிநாசினியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று மே மாதம் 502 பேரிடம் கேட்டதை வெளியிட்டிருக்கிறது. 39 சதவீதம் பேர் அதை வைத்து ஏதாவதொரு ஆபத்தான காரியம் செய்திருக்கிறார்கள். 19 சதவீதம் பேர் சாப்பாட்டுப் பொருளை பிளீச்சில் கழுவியிருக்கிறார்கள். 4 சதவீதம் பேர் பிளீச் கரைசலைக் குடித்தோ கொப்பளித்தோ இருக்கிறார்கள். பிளீச்சோடு வினிகர் சேர்க்கக் கூடாதென்று தெரிந்தவர்கள் 35 சதவீதம்தான். படிப்பில்லாத ஜனம் என்று நம் ஆட்களை மட்டும் ஏசுகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். தக்காளியை டெட்டால் தண்ணீரில் முக்குகிற எங்கள் தெருக்காரர்களுக்கும்தான். குழாய்த் தண்ணீர் போதும், சாமி.

2 ஆகஸ்ட்

ஆந்திராவில் குறிச்சேடு என்ற ஊரில் சாராயக்கடை மூடியிருந்ததால் சானிடைசரைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போயிருக்கிறார்கள்.

மத்தியானம் ஒருத்தர் வந்து அஞ்சு பாட்டில் கேட்டார். எதற்கென்றேன். பனியன் கம்பெனிக்கு என்றார். எந்தக் கம்பெனி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றுதான் தருவேன் என்றேன். வாங்காமலே போய்விட்டார். அடுத்த தெருவில் கேட்பாரோ என்னமோ, அந்தக் கடைத் தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.