மொக்குசோ: இரண்டு நிமிடம் காணும்

1980களின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரி மண்டபத்தில் பின்னேரங்களில் கராத்தே நடந்ததை இந்த மலரில் இதுவரை ஒருவரும் எழுதவில்லை. கிரிக்கெட்டுக்கும் சாரணருக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கராத்தேக்காரருக்குக் கோப்பை ஏதும் கிடைக்காததுதான் காரணமோ என்னவோ! சரி, நானே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது ஷோட்டோக்கான் பாணி. கிச்சின் ஃபுனகோஷி ஒகினாவாவிலிருந்து வந்து 1922இல் தோக்கியோவில் செய்து காட்டிய கலைதான். வாங்குகளை ஓரமாக அடுக்கி, சீமெந்துத் தரையைக் கூட்டி, வரிசையாக முழந்தாளிட்டுக் குதிக்கால்களின் மேல் அமர்வோம். தொடைகளில் கை, முதுகு நேர். மூத்த மாணவர் "மொக்குசோ!" (தியானம்) என்று குரல் கொடுத்ததும் கண்ணை மூட வேண்டும். மூக்கால் மூச்சை இழுத்து அடிவயிறு வரை இறக்கி, மெல்ல வாயால் விட வேண்டும். இரண்டு நிமிடம் இருக்கும். "யாமே!" (நிறுத்து) என்றதும் வணக்கம், பிறகு குத்தும் உதையும்தான். வகுப்பு முடியும்போதும் அப்படியே அமர்வோம். எனக்குப் பிடித்தது அதுதான். குமித்தே, அதாவது இருவர் மோதும் பயிற்சி, முடிந்து நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். மூச்சு இறங்க இறங்க, எந்தக் குத்தை ஏன் வாங்கினோம் என்பது தானாகத் தெளியும்.

விடுதியில் இருந்த ஒருவனுக்கு மட்டும் அது போதவில்லை. பௌத்தத் துறவி போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சீனருக்குச் சண்டை பழக்கிய கதையை யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். (அவர் பெயரில் வழங்கும் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அன்று யாருக்குத் தெரியும்?) விடியப்புறம் எழும்பி, போதிதர்மரைப்போலச் சுவரைப் பார்த்தபடி மணித்தியாலக் கணக்கில் இருப்பான். வகுப்பிலும் எல்லோருக்கும் முன்பே வந்து கண்ணை மூடிவிடுவான். ஒருநாள் அப்படி இருந்து எழும்பியவனுக்குக் கால் விறைத்துப்போய், முதல் உதையிலேயே மடங்கி விழுந்தான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ கண் திறக்கும் மட்டும் எதிரில நிக்கிறவன் பார்த்துக்கொண்டு நிப்பானோ? இருந்தது காணும், எழும்பு" என்றார். அடுத்த கிழமை முழுக்க இருவர் மாறி மாறிக் குத்த வர, அவன் தடுக்க வேண்டும். களைத்து மூச்சு வாங்க நிற்கையில்தான் "இப்ப இரு" என்பார்.

லண்டன் வந்தபிறகு ஹக்குயின் எழுதியதை வாசித்தபோது மாஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1686இல் பிறந்த ஜப்பானிய ஸென் பௌத்தத் துறவி ஹக்குயின். இளமையில் அளவுமீறித் தியானம் செய்ததால், கால்கள் பனிக்கட்டியில் வைத்ததுபோல் குளிர்ந்து, காதில் ஆறு பாயும் இரைச்சலோடு நோயில் விழுந்தாராம். கியோத்தோ மலையில் இருந்த முனிவர் ஒருவர் சொன்ன வைத்தியம் இது: உச்சந்தலையில் தாரா முட்டை அளவு வெண்ணெய் உருகி, உடம்பெல்லாம் வழிந்து பாதம் வரை இறங்குவதாக நினை. அந்த முனிவரும் தியானத்தை விடச் சொல்லவில்லை. தலைக்கு ஏறியதைக் காலுக்கு இறக்கச் சொன்னார்.

இப்போது இங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். சோதனைக் காலம் வந்தால் போதும், "மாஸ்டர், தியானத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ, பிள்ளை கவனமாப் படிக்கும்" என்று தாய்மார் வந்து நிற்பார்கள். நானும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போவதில்லை. ஒரு அம்மா கோபித்துக்கொண்டு மகனை யோகா வகுப்பில் சேர்த்துவிட்டார். அதுவும் நல்லதுதான்.

விழுந்த நண்பன் கனடாவில் இருக்கிறான், இந்த மலரை வாசிப்பான். எங்கள் வகுப்பின் குழுப் படம் அவனிடம்தான் இருப்பதாகக் கேள்வி. அடுத்த மலருக்காவது அனுப்பி வைக்கட்டும்.