மாரிக்கு முன்: வன்னி நடமாடும் மருத்துவ அணியின் நாட்குறிப்பு

ஒக்டோபர் 6

2018 டிசெம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டையும் ஒன்றாக அடித்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளம் நோக்கிப் பாயும். உள்வீதிகள்தான் முதலில் அறும். ஆகவே மருந்துப் பெட்டிகளை ஒரே இடத்தில் குவித்து வைப்பதில் பிரயோசனமில்லை. ஆற்றின் இரு பக்கமும் ஒவ்வொரு தொகுதி வேண்டும்.

இன்னொன்று, வெள்ளம் பழைய வெடிபொருட்களை இடம் மாற்றும். மிதிவெடி அகற்றி முடித்த காணி என்றாலும் பாதையை விட்டு இறங்கக்கூடாது. குறுக்குவழி காட்ட யாராவது வருவார்கள், போகவேண்டாம்.

ஒக்டோபர் 13

அவசர மருத்துவ அணிகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் நடமாடும் முதலாம் வகை அணி (வெளிநோயாளரை மட்டும் பார்க்கும் சிறிய அணி) நாளுக்குக் குறைந்தது 50 வெளிநோயாளரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு 5 லீற்றர் என்றால் 250 லீற்றர் தண்ணீர், அணியின் குடிநீர் வேறு. பெரிய தாங்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏறும், சேற்றில் இறங்காது. 20 லீற்றர் கான்களே கைக்கு அடக்கம்.

பெட்டி ஒன்று 20 கிலோவைத் தாண்டக்கூடாது. எல்லாச் சேலைனும் ஒன்றில், எல்லா ஊசியும் இன்னொன்றில் என்று களஞ்சியக் கணக்கில் அடுக்குவதுதான் வழமையான பிழை. ஒரு பெட்டி தண்ணீரில் போனால் மற்றதும் உதவாது. ஒவ்வொரு பெட்டியும் தனியாக வேலை செய்யவேண்டும்.

680 லீற்றர் ஒட்சிசன் சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் ஒரு மணித்தியாலம்தான் ஓடும். திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே நூலால் கட்டிவிடுங்கள்.

ஒக்டோபர் 24

தரம்பிரிப்பு ஒத்திகை: காயப்பட்டவர்களில் யாரை முதலில் கவனிப்பது என்று நிறத்தால் பிரிப்பது. சிவப்பு உடனே, மஞ்சள் அடுத்து, பச்சை காத்திருக்கலாம், கறுப்பு இறந்தவர். முதல் வேலை குரல் கொடுப்பது: “நடக்கக்கூடிய ஆக்கள் எல்லாரும் எழும்பி அந்த வேம்படிக்கு வாங்கோ!” வந்தவர்களுக்குப் பச்சை. மற்றவர்களை இருந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். மூச்சு இல்லையா, தலையைச் சாய்த்து மூச்சுவழியைத் திறவுங்கள். வந்தால் சிவப்பு, வராவிட்டால் கறுப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் என்றால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லையென்றாலும் சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. மிச்சம் மஞ்சள். ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மூச்சுவழி திறப்பதும் பெருகும் இரத்தத்தை நிறுத்துவதும் தவிர வேறு சிகிச்சை அங்கே இல்லை. தாதியர்களுக்கு இதுதான் கடினம்; கை தானாகவே சேலைன் தேடும்.

நகத்தை அழுத்தி நிறம் திரும்புவதைப் பார்க்கும் முறை இரவில், நனைந்து குளிர்ந்த விரலில் ஏமாற்றும். நாடியையே நம்புங்கள். வேம்படியிலும் ஒருவர் நிற்கவேண்டும்: நடந்து வந்த தாயின் தோளில் கிடக்கும் பிள்ளை மயங்கியிருக்கலாம்.

நவம்பர் 3

ஏற்புவலித் (ரெற்றனஸ்) தடுப்பூசி 2 முதல் 8 பாகையில் இருக்கவேண்டும். சூட்டை விட உறைதலே அதற்கு எமன். உறைந்த ஐஸ் பைக்கற்றை எடுத்தவுடன் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் மட்டும் வெளியே விடுங்கள்.

வெள்ளத்துக் காயத்தை அன்றே தைப்பது சீழுக்கு அழைப்பு. கழுவித் திறந்து வைத்து, சுத்தமாயிருந்தால் நாலைந்து நாளில் தைக்கலாம்.

70 வீதக் குளோரின் தூள் 7 கிராம், ஒரு லீற்றர் தண்ணீருக்கு: 0.5 வீதக் கரைசல், சிந்திய இரத்தத்துக்கும் தரைக்கும். கை கழுவ அதைப் பத்து மடங்கு ஐதாக்குங்கள். தினமும் புதிதாகக் கரைக்கவேண்டும்.

நவம்பர் 9

வெள்ளம் வந்தால் பாம்பும் மேட்டுக்கு வரும், மனிதர் தங்கும் அதே மேட்டுக்கு. கண்ணாடி விரியன் கடிக்கு இரத்தம் உறைகிறதா என்று பார்க்க உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாய் வேண்டும். ஒன்றிரண்டு மி.லீ. எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாயிலும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தமே உறையாமல் நிற்கும். விஷம் ஏறிவிட்டது என்று நினைத்து விஷமுறிவு மருந்தை வீணாக்குவோம்.

அந்த மருந்து தூளாக வரும் குப்பி. 10 மி.லீ. விட்டு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கரைக்கவேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். பத்துக் குப்பி கரைக்க ஒருவர் போதாது. கடமைப் பட்டியலில் இரண்டு பெயர் எழுதுங்கள்.