மாஸிலன் குறிப்புகள்: ஒரு பள்ளிக் கால்பந்து அணியைத் தேடி

ஜனவரி 6, 2024, சனி

மாஸிலன் நூலகத்தில் உட்கார்ந்து பழைய நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் பார்க்க ஆரம்பித்தாயிற்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் வடகிழக்கில், கேன்டன் நகரத்துக்கு மேற்கே, டஸ்கராவாஸ் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் இது. இன்று சுமார் 32,000 பேர் வாழ்கிறார்கள். நான் இருக்கும் ஆக்ரனிலிருந்து அதிக தூரமில்லை. போன நவம்பர் 30 அன்று இந்த ஊரின் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கக் கால்பந்தில் மாநிலப் பட்டம் வென்றது. அதற்கு முந்தைய பட்டம் 1970-ல். அதற்கும் முன்னால் இருபதுக்கு மேல் பட்டங்கள். முதலில் ஏன் அத்தனை, பிறகு ஏன் ஐம்பத்து மூன்று ஆண்டு வறட்சி? இதுதான் என் கேள்வி.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் 1932-ல் தொடங்குவார்கள்: பால் பிரவுன் என்ற பயிற்சியாளர் வந்தார், எல்லாம் மாறிற்று. எனக்கு அது போதவில்லை. 1894-ல் தொடங்குகிறேன். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் மாஸிலனும் கேன்டனும் பள்ளிக் கால்பந்தில் முதன்முதலாக மோதின. அதே ஆண்டு மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு அன்று, இதே ஊரிலிருந்து ஜேக்கப் காக்ஸி என்ற குவாரி முதலாளி வேலையில்லாதவர்களைத் திரட்டிக்கொண்டு வாஷிங்டனுக்கு நடந்தார். அரசாங்கமே நோட்டு அச்சடித்துச் சாலை போடட்டும், வேலையில்லாதவர்களுக்கு அந்த வேலையைக் கொடுக்கட்டும் என்பது கோரிக்கை. நாடாளுமன்ற வாசலில் பேச விடவில்லை. புல்தரையை மிதித்த குற்றத்துக்காகச் சிறையில் போட்டார்கள். இந்த ஊருக்கும் புல்தரைக்கும் உள்ள சம்பந்தம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன்.

ஜனவரி 13, சனி

'புலிகள்' என்ற பெயர் பள்ளிக்கு முன்பே ஊரில் இருந்தது. 1903-ல் ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து காசு கொடுத்து ஆடவைத்த தொழில்முறை அணி மாஸிலன் டைகர்ஸ். 1906-ல் கேன்டன் புல்டாக்ஸுடன் ஆடிய ஆட்டங்களில் சூதாட்டப் புகார் கிளம்பி, இரண்டு ஊரிலும் அந்த ஆட்டம் சில காலம் படுத்துவிட்டது. பிறகு எழுந்தது. நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கோச் நூட் ராக்னி இளமையில் மாஸிலன் அணிக்கு ஆடியிருக்கிறார். அப்போது ஊர்ச் சிறுவன் ஹாரி ஸ்டூல்ட்ரேயர் ராக்னியின் மூட்டையைச் சுமந்து டிக்கெட் இல்லாமல் உள்ளே போவானாம். அந்தப் பையன் வளர்ந்து ராக்னியிடமே குவார்ட்டர்பேக், அதாவது அணியின் ஆட்டத்தை நடத்தும் வீரன், ஆனான். மூட்டைக் கதை எவ்வளவு நிஜமோ, குவார்ட்டர்பேக் ஆனது நிஜம்.

ஸ்டூல்ட்ரேயர் போன பிறகு பள்ளி அணியில் அந்த இடத்துக்கு வந்த ஒல்லிப் பையன்தான் பால் பிரவுன். ரயில்வே ஊழியரின் மகன்.

ஜனவரி 20, சனி

பிரவுன் 1932-ல் திரும்பி வந்தபோது அவருக்கு 24 வயது நிறையவில்லை. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் அடி ஆழம். ஊரின் மேயர் யார் தெரியுமா? 1931 தேர்தலில் வென்ற அதே ஜேக்கப் காக்ஸி. இதைப் பார்த்ததும் நூலகத்தில் இருக்கிறேன் என்பதை மறந்து "அட!" என்றுவிட்டேன். பக்கத்து மேசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

முதல் ஆண்டு 5 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். முதல் மூன்று ஆண்டும் கேன்டன் மெக்கின்லி பள்ளியிடம் தோல்வி. இந்த ஊரில் அது ஒன்றே கோச்சை வீட்டுக்கு அனுப்பப் போதும். ஆனாலும் விட்டுவைத்தார்கள். 1935-ல் மெக்கின்லியை 6-0 என்று சாய்த்தார். அதன் பிறகு அவர் காலத்தில் மெக்கின்லியிடம் தோற்கவே இல்லை. ஒன்பது ஆண்டுக் கணக்கு: 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமன். அந்த எட்டில் ஏழு தோல்வி முதல் மூன்று ஆண்டுகளில் வந்தவை.

என்னதான் செய்தார்? வீர உரை ஆற்றி உசுப்பேற்றும் வகை ஆளில்லை. அவர் வாத்தியார். ஆட்ட உத்திகளை நோட்டில் எழுதவைத்தார், பரீட்சை வைத்தார். ஒவ்வொருவனும் தன் வேலையோடு அடுத்தவன் வேலையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஊரின் நடுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அதே உத்திகளை, அதே பெயர்களில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு பையன் உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும். எதிரணியில் அப்போதுதான் அரிச்சுவடி ஆரம்பமாகும். 'மேதை' என்ற சொல்லை இந்த ஊர் அவருக்காகவே வைத்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்த ஏற்பாடுதான். அவர் போன பிறகும் அது நின்றது என்பதே சாட்சி. 1948 முதல் 1953 வரை கோச்சாக இருந்த சக் மேதர் 57 வென்று 3-ல் மட்டுமே தோற்றார். 1964, 65-ல் ஏர்ல் புரூஸ் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

1940 அணி மட்டும் தனி. பத்து ஆட்டம், பத்து வெற்றி. எடுத்த புள்ளிகள் 477, கொடுத்தவை 6. அந்த ஆறும் மெக்கின்லி எடுத்தது. சீசனுக்கு முன் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்து, கல்லூரிப் பையன்களை 47-0 என்று அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 27, சனி

1937 சுருளை இன்று எடுத்தேன். கால்பந்து வரலாற்றில் அந்த ஆண்டுக்கு ஒரு வரிதான்: பென்சில்வேனியாவின் நியூகாசில் அணியிடம் ஒரு தோல்வி, இன்னொரு ஆட்டம் சமன், இருந்தும் மாநிலத்தில் முதலிடம். நான் சுருளை செப்டம்பருக்கு ஓட்டாமல் ஜூலையில் நிறுத்தினேன்.

அன்றைய மாஸிலனுக்குச் சோறு போட்டது உருக்காலை. பெரியது ரிபப்ளிக் ஸ்டீல். மே 26 அன்று ரிபப்ளிக் உள்ளிட்ட 'சிறிய' உருக்குக் கம்பெனிகளுக்கு எதிராகத் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. யு.எஸ். ஸ்டீல் என்ற ராட்சதக் கம்பெனியோடு ஒப்பிட்டால்தான் அவை சிறியவை. மே 30-ல் சிகாகோவில் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். அது பாடப்புத்தகம் வரை போயிற்று. ஜூலை 11, ஞாயிறு இரவு, மாஸிலனில் சங்க அலுவலகத்துக்கு வெளியே கூடியிருந்தவர்கள் மீது காவலர்களும் புதிதாக நியமிக்கப்பட்ட துணைக் காவலர்களும் சுட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். விடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைது. கூடுதல் ஆட்களைக் காவலுக்கு எடுக்கச் சொல்லிக் கம்பெனித் தரப்பு நெருக்கியதை ஊரின் போலீஸ் தலைவரே பிறகு தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் முன் சாட்சியாகச் சொன்னார்.

அது நடந்து இரண்டு மாதத்தில் சீசன் ஆரம்பம். சுடப்பட்டவர்களும் சுட்டவர்களும் கடைக்காரர்களும் கம்பெனி மேலாளர்களும் ஒரே மைதானத்தில், ஒரே ஆரஞ்சு கறுப்பு நிறத்துக்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்கள் கால்பந்தைத் தொடுவதில்லை. கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் ஜூலை 11-ஐத் தொடுவதில்லை. இரண்டு கூட்டமும் ஒரே நாளிதழைத்தான் புரட்டியிருக்கிறது. 'கால்பந்து ஊரை ஒன்று சேர்த்தது' என்று வழக்கமான வாக்கியம் ஒன்று இருக்கிறது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்று சேர்த்ததா, வாயை அடைத்ததா என்பதை ஸ்கோர் பலகையிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில்தான் அணிக்கு ஊரே காசு கொடுத்தது, ஊரே வந்தது.

பிப்ரவரி 3, சனி

ஸ்டேடியத்தை இன்று வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தேன். குளிர் காதைக் கடித்தது. 1939-ல் கட்டியது. இப்போதைய இருக்கை 16,600. கட்டிய காலத்தில் ஊரின் மொத்த மக்கள்தொகையே 26,000 சொச்சம்தான்.

கட்டியது யார் என்பதுதான் விஷயம். ரூஸ்வெல்ட் அரசின் பொதுப்பணித் திட்டம், டபிள்யு.பி.ஏ. வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கமே கூலி கொடுத்துப் பொது வேலை செய்யவைத்த திட்டம். அதாவது 1894-ல் காக்ஸி கேட்டுச் சிறைக்குப் போன அதே காரியம். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அவர் வாழ்ந்த ஊரிலேயே, புல்தரையாக வந்து விரிந்தது. காக்ஸி அப்போது உயிரோடிருந்தார். 1944 மே முதல் தேதி, 90 வயதில், நாடாளுமன்றப் படிக்கட்டில் நின்று தன் பழைய உரையை முழுவதும் படித்தும் காட்டினார். ஸ்டேடியத்துக்கு இன்று பால் பிரவுன் பெயர். அது நியாயம்தான். ஒரு நுழைவாயிலுக்காவது காக்ஸி பெயர் வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஊரெல்லாம் சூப்பர் பவுல். நான் மரியன் மோட்லியைப் படித்துக்கொண்டிருந்தேன். மெக்கின்லி பள்ளியின் கறுப்பின வீரர். அவர் ஆடிய மூன்று ஆண்டுகளில் அந்த அணி தோற்றது மூன்றே ஆட்டம், மூன்றும் பிரவுனின் மாஸிலனிடம். எதிரணியில் தன்னை இடித்துக்கொண்டு ஓடியவனைப் பிரவுன் மறக்கவில்லை. போர்க்காலத்தில் தான் கோச்சாக இருந்த கிரேட் லேக்ஸ் கடற்படை அணியில் ஆடவைத்தார். 1946-ல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணி தொடங்கியபோது அவரையும் இன்னொரு கறுப்பின வீரரான பில் வில்லிஸையும் சேர்த்துக்கொண்டார். பேஸ்பாலில் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் பெரிய லீகுக்கு வந்தது அடுத்த ஆண்டுதான். மாஸிலன் பையன்களையும் விடவில்லை: ஹொரஸ் கில்லம், லின் ஹூஸ்டன், டாமி ஜேம்ஸ். பள்ளி பேண்டை 1938 முதல் நடத்திய ஜார்ஜ் பேர்டைக்கூடக் கிளீவ்லண்டுக்கு அழைத்துக்கொண்டார்.

பேண்ட் என்றதும் நினைவு வருகிறது. இங்கே பேண்டையும் ஓபி என்ற புலிச் சின்னத்தையும் ஆட்டத்துக்குக் குறைவாக யாரும் மதிப்பதில்லை. ஆட்டத்துக்கு நிஜப் புலிக்குட்டியைக் கூண்டில் கொண்டுவரும் பழக்கமும் இருந்தது. 2012-ல் ஒஹாயோ ஆபத்தான விலங்குகளை வளர்ப்பதற்குக் கடுமையான சட்டம் போட்டபோது, பள்ளிச் சின்னமாகக் காட்டப்படும் விலங்குக்குச் சட்டத்திலேயே ஓர் இடைவெளி விட்டார்கள். ஊரில் பிறந்த ஆண் குழந்தையின் தொட்டிலில் அணியின் ஊக்குவிப்புக் கழகத்தார் ஒரு சின்னக் கால்பந்தை வைத்துவந்தார்கள். மெக்கின்லி வாரம் வந்துவிட்டால் தேர் வாரம்தான். ஊரின் மருத்துவமனை 2018-ல் மூடிவிட்டது. இப்போது பிரசவத்துக்கே வேறு ஊர்.

பிப்ரவரி 24, சனி

வறட்சிக் கேள்விக்கு வந்தேன். ஒரு பாதி விடை, கணக்கு முறை மாறியது. 1972 வரை ஒஹாயோவில் இறுதிச் சுற்று என்று எதுவும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு யார் முதல் என்று சொல்வார்கள். பத்து ஆட்டம் ஜெயித்து, பெயரும் இருந்தால் போதும். மாஸிலனின் பெயருக்கு முன் யார் நிற்பது? 1970-ல் கோச் பாப் காமிங்ஸின் தோல்வி காணாத அணிதான் அப்படிக் கடைசியாக வாங்கியது. பிறகு மைதானத்தில் ஆடித்தான் வாங்க வேண்டும் என்றானது.

மறுபாதி, யாரோடு ஆடினார்கள் என்பது. 2023-க்கு முன் மாஸிலன் தோற்ற இறுதி ஆட்டங்களை வரிசையாக எழுதினேன்: 1980, 1982-ல் சின்சினாட்டி மோலர், 2005-ல் செயின்ட் சேவியர், 2018-ல் ஆக்ரன் ஹோபன், 2019-ல் லா சால், 2020-ல் மறுபடி ஹோபன். ஆறும் கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள். ஒரு பெருநகரம் முழுவதிலிருந்தும் பையன்கள் வந்து சேரக்கூடிய பள்ளிகள். நடுநிலைப் பள்ளியிலிருந்து ஆளை வளர்த்தெடுக்கும் பிரவுனின் ஏற்பாடு, ஊரில் போதுமான ஆள் இருக்கும்வரை செல்லுபடியாகும். ரிபப்ளிக் 1984-ல் எல்.டி.வி. கம்பெனியோடு கரைந்தது, 1986-ல் அது திவால். உருக்கோடு சேர்ந்து இளைஞர்களும் ஊரைவிட்டுப் போனார்கள். தோல்விக்குக் கோச்சுகளைத் திட்டி எழுதிய வாசகர் கடிதங்கள் நிறைய உண்டு. உலைகள் அணைந்ததையும் ஸ்கோரையும் சேர்த்துப் பார்த்த கடிதம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இடையில் 1994. கேன்டனோடு நூறாவது மோதல். கூடுதல் நேரத்தில் 42-41 என்று மாஸிலன் வென்றது. பட்டம் இல்லாத காலத்திலும் ஊர் எதை வைத்துப் பிழைத்தது என்பதற்கு அந்த ஓர் இரவு போதும்.

மார்ச் 2, சனி

கடைசியில் 2023. கோச் நேட் மூரின் அணி ஒன்றிலும் தோற்காமல் 16 ஆட்டமும் வென்றது. இறுதி ஆட்டம் மறுபடி ஹோபனோடு, நடந்த இடம் கேன்டன். மெக்கின்லியின் ஊர்! ஸ்கோர் 7-2. இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் அந்த 2-ஐப் பார்த்தே சிரிப்பார்கள். பந்து வைத்திருப்பவனை அவனுடைய சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கினால் எதிரணிக்குக் கிடைக்கும் புள்ளி அது. 477 புள்ளி அடித்த பள்ளி, தன் பக்கமே இரண்டு கொடுத்துவிட்டு, எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்த ஒரே ஒரு டச் டவுனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வென்றிருக்கிறது.

என் வேலை 1937-ல்தான் நிற்கிறது. அந்த ஆண்டு அணிப் பட்டியல் பள்ளி ஆண்டுமலரில் இருக்கிறது. ஜூலையில் கைதானவர்களின் பெயர்கள் நாளிதழில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குடும்பப் பெயர்கள் இரண்டிலும் வருகின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு துணைக் காவலர்களின் பட்டியல். ஆண்டுமலரை அலமாரியிலிருந்து எடுத்துவைக்கச் சொல்லி நூலகத்து அம்மாவிடம் சொல்லியாயிற்று. சனிக்கிழமை காலை திறந்ததும் போகிறேன்.