1332 இங்கிலாந்து வரிப்பட்டியலை எப்படி வாசிப்பது?

அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் (அந்த ஊர் முதலியார் குடும்பத்தின் பழைய பனையோலை ஆவணங்கள்) பழகிய நாஞ்சில் நாட்டு நண்பர்களுக்கு இங்கிலாந்தின் 1332 வரிப்பட்டியல் அந்நியமாகத் தெரியாது. கணக்கு முறை மட்டும் வேறு.

இது நிலவரி அல்ல. மாடு, ஆடு, தானியம் போன்ற அசையும் சொத்துக்கு விலை போட்டு, கிராமத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, நகரத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்கினார்கள். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. கிராமத்தில் 10 ஷில்லிங்குக்குக் குறைந்த சொத்துக்காரருக்கு வரி இல்லை. 10 ஷில்லிங் என்றால் 120 பென்னி; அதில் பதினைந்தில் ஒன்று 8 பென்னி. ஒருவர் பெயருக்கு நேரே 16 பென்னி இருந்தால் பதினைந்தால் பெருக்குங்கள்: 240 பென்னி, அதாவது 20 ஷில்லிங்.

பலர் சறுக்குவது அடுத்த படியில்தான். பெயர்களை எண்ணி மக்கள்தொகை என்று எழுதிவிடுகிறார்கள். ஏழைகள் பட்டியலுக்குள் வரவே இல்லை. மதிப்பும் பெரும்பாலும் குறைத்தே போடப்பட்டது.

வசூலில் நடந்த முறைகேடுகளால் 1334-இல் ஊருக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்தார்கள். அதைப் பங்கு பிரிப்பது ஊராரின் பாடு. கொள்ளைநோய் 1348-49-இல் ஊர்களைக் காலி செய்த பிறகும் அந்தத் தொகையே அடிப்படையாக நீடித்தது. நாடு முழுவதற்குமான 4,000 பவுண்டு தள்ளுபடி 1433-இல்தான் வந்தது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது, 1381 உழவர் கலகத்தைக் கிளப்பிய, தலைக்கு 12 பென்னி என்ற தலைவரியைவிடவும்.